ஹமொக் வாங்கப் போகும் தம்பிமாருக்கும், அதைக் கேட்டுத் தலையில் கைவைக்கும் பெற்றோருக்கும்



இது நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் பட்டியைப் பற்றியும் மரத்தைப் பற்றியும் சொல்லியிருக்கும் இடத்தையாவது வாசித்துவிட்டுப் போங்கள்.

தவணை விடுமுறை நெருங்கினால் எனக்கு இரண்டு விதமான கேள்வி வரும். பழைய மாணவர்கள் போன் எடுத்து, "சேர், பைக்ல பொத்துவில் போறோம், எந்த ஹமொக் வாங்கினா நல்லம்?" என்று கேட்பார்கள். அடுத்த நாள் அதே பிள்ளையின் அம்மா கடைத்தெருவில் மறித்து, "வீட்ல படுக்க எடம் இருக்கப்ப மரத்துல போயி தொங்கணுமா சேர்? நீங்க சொல்லக் கூடாதா?" என்பார். இரண்டு பேருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. ஆகவே ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

முதலில் அம்மாமாருக்கு. இது வெள்ளைக்காரன் பைத்தியம் இல்லை. நம் தோட்டங்களில் பிள்ளைக் காம்பராவைத் தெரியாதவர்கள் யார்? கூரைக் குறுக்குச் சட்டத்தில் பழைய சேலைகளைக் கட்டி, வரிசையாகத் தொட்டில். கொழுந்துக்கும் பால்வெட்டுக்கும் போன தாய்மாரின் பிள்ளைகள் அதற்குள்தான் தூங்கி வளர்ந்தன. பிள்ளையை இடுவதற்கு முன் ஒரு தாய் என்ன செய்வாள்? இரண்டு கையாலும் சேலையைப் பிடித்துத் தன் பாரத்தைப் போட்டு ஒரு தரம் இழுத்துப் பார்ப்பாள். அந்த ஒரு இழுவை இன்றைக்கு ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து ஹமொக் வாங்கும் பொடியனிடம் இல்லை. எனக்குக் கவலை அதுதான். அவன் மரத்தில் தொங்குவது எனக்குக் கவலையில்லை.

ஹமொக் என்ற சொல் கரீபியன் தீவுகளின் பழங்குடி மக்களான தாயினோக்களுடையது. 1492 இல் கொலம்பஸ் அங்கே இறங்கியபோது மக்கள் இப்படித் தூங்குவதைக் கண்டார். பிறகு ஐரோப்பியக் கப்பல்கள் அதை எடுத்துக்கொண்டன. அமேசன் ஆற்றுப் படகுகளில் இன்றைக்கும் பயணிகள் தங்கள் ஹமொக்கைத் தாங்களே கொண்டுவந்து மேல்தட்டில் கட்டித்தான் நாட்கணக்காகப் போகிறார்கள். நம் இறப்பர் மரமும் அதே அமேசனிலிருந்து வந்ததுதான். 1876 இல் கன்றாக ஹெனரத்கொடைக்கு வந்து, அங்கிருந்து கேகாலையையும் இரத்தினபுரியையும் நிரப்பியது. மரம் வந்தது, அதன் ஊர்ப் படுக்கை கூட வரவில்லை. ஈரமான தரை, பூச்சி, பாம்பு, ஓயாத மழை: இதெல்லாம் உள்ள நாட்டில் மனிதன் கண்டுபிடித்த படுக்கை அது. நமக்கும் இதெல்லாம் உண்டு.

இப்போது நான் ஏன் இதை ஆதரிக்கிறேன் என்று சொல்கிறேன். படம் பிடித்துப் போடுவதற்காக இல்லை. தூக்கத்துக்காக.

நம் பிள்ளைகள் போகும் முறை எனக்குத் தெரியும். எட்டியாந்தோட்டை, தெரணியகல, காவத்தை, இறக்குவானை, எங்கிருந்து கிளம்பினாலும் ஏ4 வீதியில்தான் ஏற வேண்டும். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, வெல்லவாய, மொனராகலை வழியாக மட்டக்களப்பு வரை போகும் வீதி, 430 கிலோமீற்றர். இரத்தினபுரியிலிருந்து பொத்துவிலுக்கு மட்டும் இருநூறு கிலோமீற்றருக்கு மேல். சனிக்கிழமை வேலை முடிந்து வந்து, இரண்டு மணித்தியாலம் படுத்து, விடியற்காலை மூன்று மணிக்கு வெளிக்கிடுவார்கள். கடலில் குளித்து, சாப்பிட்டு, மறுநாள் திங்கட்கிழமை பெரட்டுக்கோ கடைக்கோ காமன்ட்டுக்கோ நிற்க வேண்டும் என்று இரவோடு இரவாகத் திரும்புவார்கள். போகும்போது பெரகல வளைவுகளில் தூக்கம் வராது, பயம் விடாது. ஆபத்து அதற்குப் பிறகு. மலை இறங்கி வெல்லவாய தாண்டினால் நேர் பாதை, சூடு, வயிறு நிறையச் சோறு. கண் தானாகச் செருகும்.

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போகிறவன் ஒரு வினாடி கண் மூடினால் 14 மீற்றர் போய்விடுவான். மூன்று வினாடி என்றால் 42 மீற்றர். வாகனத்தில் தூங்குகிறவனை ஆசனமும் கதவும் கொஞ்சமாவது தாங்கும். பைக்காரனைத் தாங்க ஒன்றுமில்லை. பிளேன்டீ குடித்தால் போகும், முகம் கழுவினால் போகும் என்பதெல்லாம் பத்து நிமிடக் கதை. தூக்கத்துக்கு மருந்து தூக்கம்தான். இருபது முப்பது நிமிடம் படுத்தெழும்பினால் ஆள் வேறு ஆள்.

ஆனால் எங்கே படுப்பது? பஸ் தரிப்பிடத்து வாங்கில் ஆட்கள் இருப்பார்கள். தரையில் எறும்பு, உண்ணி. பைக்கிலேயே தலையைக் கவிழ்த்துத் தூங்கினால் கழுத்துப் பிடிக்கும். ஆகவே "இன்னும் கொஞ்ச தூரந்தானே" என்று ஓடுவார்கள். வியட்நாமில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நெடுஞ்சாலை ஓரம் முழுக்கக் கோப்பிக் கடைகள், ஒவ்வொன்றிலும் வரிசையாக ஹமொக். பைக்கை நிறுத்தி, ஒரு குடிபானம் வாங்கினால் படுத்து எழும்பலாம். யாரும் எழுப்ப மாட்டார்கள். புதுவருடத்துக்குப் பைக்கிலேயே நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் ஊருக்குப் போகும் சனம் அது, அவர்களுக்கு அது அவசியம். வெல்லவாயவிலோ புத்தலையிலோ கடை வைத்திருக்கும் நம் ஆட்கள் யாராவது இதை வாசித்தால், இரண்டு மாமரத்துக்கு நடுவில் நாலு ஹமொக் கட்டிப் பாருங்கள். இளநீர் வியாபாரம் கூடுகிறதா இல்லையா என்று பிறகு எனக்குச் சொல்லுங்கள்.

அந்தக் கடைகள் வரும்வரை நம் ஹமொக்கை நாமேதான் கொண்டுபோக வேண்டும். ஆகவே நான் ஒரு ஹமொக்கை ஒரே கேள்வியால்தான் அளக்கிறேன்: பகல் இரண்டு மணிக்கு, வியர்வையோடும் தூக்கக் கலக்கத்தோடும், ஐந்து நிமிடத்தில் இதைக் கட்ட முடியுமா? முடியாதென்றால் நீ பகலில் அதை எடுக்கவே மாட்டாய். இரவுக்கு மட்டும் பயன்படும் ஹமொக் பாதிப் பயன்தான்.

இந்தக் கேள்வியை வைத்துக் கடைச் சாமான்களைப் பாருங்கள்.

ஹோட்டல் முற்றத்தில் இருக்கும், இரண்டு பக்கமும் மரக்கட்டை வைத்த நூல் வலை ஹமொக்கை முதலிலேயே தள்ளிவிடுங்கள். பார்க்க அழகு. ஆனால் கட்டை இருப்பதால் பாரம் உயரத்தில் நின்று, புரண்டால் கவிழ்த்துவிடும். பைக்கில் கட்டவும் வராது, நனைந்தால் இரண்டு நாளைக்குக் காயாது.

அடுத்தது, வலையும் கூரையும் ஹமொக்கோடு சேர்த்தே தைத்த "காட்டு ஹமொக்". இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் பசிபிக் தீவுகளில் பாவித்ததும் இந்த மாதிரிதான். பொடியன்மார் யூடியூப்பில் பார்த்து ஆசைப்படுவது இதற்குத்தான். கெட்ட சாமான் இல்லை. ஒரே இடத்தில் நாலு நாள் தங்கினால் நல்லது. ஆனால் அரை மணித்தியாலத் தூக்கத்துக்கு இதை விரித்து, நூல்களை இழுத்து, சிப்பைத் தேடி உள்ளே போவதற்குள் தூக்கம் போய்விடும். மழையில் கழற்றினால் கூரையோடு சேர்ந்து படுக்கையும் நனையும், அதுதான் பெரிய குறை.

நான் சொல்வது: துண்டு துண்டாக வாங்குங்கள். வெறும் நைலோன் ஹமொக் ஒன்று, அகலப் பட்டி ஒரு சோடி, சப்பாத்து உறை போல மேலால் இழுத்துப் போடும் நுளம்பு வலை ஒன்று, தறப்பாள் ஒன்று. பகலில் முதல் இரண்டும் போதும், சனம் நடமாடும் வெளிச்சமான இடத்தில் வலையைச் சும்மா மேலே போட்டுக்கொள்ளலாம். மழை வந்தால் தறப்பாளை முதலில் கட்டி, அதன் கீழ் நின்று மற்றதைக் கட்டலாம். காலையில் நனைந்த தறப்பாளைத் தனிப் பையில் போடலாம். நாலும் சேர்ந்து இரண்டு கிலோ அளவுதான் வரும்.

நீளத்தில் ஏமாறாதீர்கள். மலிவான ஹமொக் பெரும்பாலும் எட்டு ஒன்பது அடிதான். அதில் வாழைப்பழம் மாதிரி வளைந்துதான் கிடக்க வேண்டும், ஒரு மணித்தியாலத்தில் முழங்கால் பின்பக்கமாக இழுக்கும். அதற்காகத்தான் பலர் "எனக்கு ஹமொக் ஒத்துவராது" என்று விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கு ஒத்துவராதது ஹமொக் இல்லை, எட்டு அடி. ஐந்தரை அடி ஆளுக்குப் பத்து அடி, ஆறடி ஆளுக்குப் பதினொரு அடி வேண்டும். படுக்கும்போது நேராகப் படுக்கக் கூடாது. தலையைக் கொஞ்சம் ஒரு பக்கம், காலைக் கொஞ்சம் மறுபக்கம் தள்ளிக் குறுக்காகப் படுத்தால் முதுகு ஏறக்குறைய மட்டமாக வரும். பெட்டியில் "இருவர் ஹமொக்" என்று போட்டிருப்பது அகலத்தைத்தான். அகலம் நல்லது, குறுக்காகப் படுக்க உதவும். இரண்டு பேர் ஏற வேண்டாம்.

இனி பட்டி. இதில் நான் கொஞ்சம் அதிகம் பேசுவேன், விஞ்ஞானம் படிப்பிக்கிறவனின் பழக்கம்.

கட்டும்போது எல்லாரும் செய்வது, பட்டியைக் கம்பி போல இழுத்து விறைப்பாகக் கட்டுவது. பார்க்க உறுதியாகத் தெரியும். உண்மையில் அதுதான் அறுக்கும். பட்டி கிடையிலிருந்து 30 பாகை சாய்வில் தொங்கினால், 60 கிலோ ஆள் படுக்கும்போது ஒவ்வொரு பக்கத்துப் பட்டிக்கும் 60 கிலோ இழுவை. 10 பாகை சாய்வென்றால் ஒவ்வொரு பக்கமும் 170 கிலோவுக்கு மேல். 5 பாகை என்றால் 340 கிலோவைத் தாண்டும். ஆள் அதே ஆள், மரமும் அதே மரம், கோணம் மட்டும்தான் மாறியது. ஓ.எல் பிள்ளைகள் விசை முக்கோணி வரைந்து பாருங்கள், இதற்காகவாவது அந்தப் பாடம் பிரயோசனப்படட்டும். துள்ளி ஏறினால் இழுவை இன்னும் கூடும். "300 கிலோ தாங்கும்" என்று பெட்டியில் போட்டிருந்தால் அது ஆடாமல் தொங்கும் பாரத்துக்குச் சொன்னது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

30 பாகையைக் கண்டுபிடிக்கக் கோணமானி வேண்டாம். கையைத் துவக்கு மாதிரிப் பிடியுங்கள், சுட்டுவிரல் கிடையாக, பெருவிரல் மேலே. இரண்டு விரல் நுனியையும் சேர்க்கும் கோடு ஏறக்குறைய அந்தச் சாய்வு. பட்டி அதோடு ஒத்துப்போனால் சரி. மரங்களுக்கு நடுவே பன்னிரண்டிலிருந்து பதினைந்து அடி, பட்டியைக் கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே கட்டினால், உட்காரும்போது கதிரை உயரம் வரும். அதற்கு மேல் உயர்த்த வேண்டாம். விழுந்தாலும் ஒன்றரை அடியில் விழ வேண்டும். ஓடைக்கு மேலேயும் பாறை விளிம்பிலும் தொங்கிப் படமெடுக்கிறவர்களைப் பார்த்து ஆசைப்படாதீர்கள்.

பட்டி பொலியெஸ்டராக இருக்கட்டும். நைலோன் பட்டி நனைந்தால் இழுபடும், இரவு கட்டிலில் படுத்தவன் காலையில் தரையில் எழும்புவான். கட்டுவதற்குச் சேலைக் கயிறும் நைலோன் கயிறும் வேண்டவே வேண்டாம். ஒரு அங்குல அகலம் குறைந்தபட்சம், இரண்டு அங்குலம் நல்லது. ஏன் இரண்டு? மரத்துக்காக.

நம் பகுதியில் இரண்டு மரம் வேண்டுமென்றால் கண்ணுக்கு முதலில் படுவது இறப்பர் மலை. வரிசையாக நட்டது, இடைவெளியும் பொருத்தம், நிழலும் உண்டு. ஹமொக்குக்கென்றே நட்ட மாதிரி இருக்கும். அதில் கட்டாதீர்கள். பால் இருப்பது மரத்துக்குள் இல்லை, பட்டையில். வெட்டிய பட்டை திரும்ப வளர்ந்து, பல வருடம் கழித்து மறுபடி அதே இடத்தில்தான் கத்தி வைக்கப் போகிறார்கள். அந்த இளம் பட்டையில் கயிறு இறுகி அழுத்தினால் காயம். ஒரு இரவில் மரம் சாகாது. ஆனால் நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்று கணக்குக் கேட்கும் தொழிலில், அந்த மரத்தை வெட்டப் போகிறவர் உங்கள் வகுப்பில் படித்த ஒருத்தரின் அம்மா. அதோடு பால் வெட்டுபவர்கள் விடியுமுன்னே மலைக்கு வருவார்கள். அரை இருட்டில் தொங்கும் ஒரு உருவத்தைக் கண்டு அவர் மயங்கி விழுந்தால் யார் பதில் சொல்வது? இறப்பர் காற்றுக்கு முறியும் மரமும்கூட.

அல்பீசியாவும் அப்படித்தான், பெரிதாக நிற்கும், கொப்பு சொல்லாமல் விழும். தென்னையின் கீழும் துரியானின் கீழும் படுக்கச் சொல்லி நான் யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை என்று நினைக்கிறேன். கிளிரிசீடியா வேலிக்கம்பு ஆளைத் தாங்காது. நல்லது பலா, மா, புளி மாதிரி வைரமான மரம், தொடைப் பருமனுக்குக் குறையாமல். கட்டுவதற்கு முன் நிமிர்ந்து மேலே பாருங்கள். காய்ந்த கொப்பு ஒன்று இருந்தாலும் அடுத்த மரத்துக்குப் போங்கள். பிறகு அந்தத் தாய் செய்யும் காரியம்: இரண்டு கையாலும் பிடித்து முழுப் பாரத்தையும் போட்டு ஒரு இழுவை.

ஒரு பக்கம் மரம், மறுபக்கம் பைக் என்று கட்டும் வீடியோக்களும் வருகின்றன. 60 கிலோ இழுவையைக் கணக்குப் போட்டோமே, அது பைக்கை உங்கள் பக்கம் சாய்க்கும் இழுவை. நூறு கிலோவுக்கு மேற்பட்ட இரும்பு, சூடான சைலன்சரோடு நெஞ்சில் விழும். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

நுளம்பைப் பற்றி. மலேரியாவுக்குப் பயப்படும் பெரியவர்களுக்கு ஒரு ஆறுதல், 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடென்று உறுதிப்படுத்தியது. ஆனால் அடுத்த வருடமே, 2017 இல், டெங்கு நோயாளர் 186,000 ஐத் தாண்டினார்கள். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, காலையிலும் பின்னேரத்திலும் அதிகம். ஆகவே வலை இரவுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். இன்னொன்று பலருக்குத் தெரியாது: ஹமொக்கின் மெல்லிய துணியோடு முதுகு ஒட்டிக் கிடப்பதால், நுளம்பு கீழிருந்து துணியூடாகவே கடிக்கும். மேலே மட்டும் மூடும் வலை பாதி வலை. ஹமொக்கை முழுதாகச் சுற்றி வரும் உறை வலைதான் வேண்டும், இல்லாவிட்டால் இரட்டைத் துணி ஹமொக். வலையின் கண் எவ்வளவு நுணுக்கமோ அவ்வளவு நல்லது. உலர் வலயப் பகுதிகளில் தோலில் ஆறாத புண்ணை உண்டாக்கும் லீஷ்மானியா நோயைப் பரப்பும் மணல் ஈ, நுளம்பை விடச் சிறியது, சாதாரண வலைக்குள்ளால் புகுந்துவிடும். அனுராதபுரம், அம்பாந்தோட்டைப் பக்கம் போகிறவர்கள் இதை நினைவில் வைத்திருங்கள்.

தரையில் படுப்பதை விட ஹமொக் மேல் என்பதற்கு இன்னொரு காரணம் கரவலா. இரவில் ஊர்ந்து, தரையில் தூங்குகிறவர்களைக் கடிக்கும் பாம்பு அது, கடித்தது பலருக்குத் தெரிவதுகூட இல்லை. ஆனால் இரவில் இறங்கும்போது வெறுங்காலோடு இறங்கினால் இந்த நன்மை போச்சு. சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போடுங்கள். நம் இரண்டு மாவட்டமும் எலிக்காய்ச்சலுக்குப் பெயர் போனவை, சேற்றில் வெறுங்கால் அதற்கும் கூடாது.

மழை. இரத்தினபுரியில் வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. ஹமொக்கை மட்டும் வாங்கித் தறப்பாளைப் பிறகு பார்ப்போம் என்பவன் நம் ஊரில் முதல் இரவிலேயே வீட்டுக்கு வருவான். பத்தடிக்குப் பத்தடி சதுரத் தறப்பாள் போதும், அதன் மூலைவிட்டம் பதினான்கு அடி வரும், ஹமொக்கை விட நீளம். நீல நிறக் கடைத் தறப்பாளே வேலை செய்யும், பாரம்தான் கொஞ்சம் கூட. எல்லாரும் மறப்பது, மரத்தில் வடியும் தண்ணீர் பட்டி வழியாக ஓடிவந்து படுக்கைக்குள் இறங்கும் என்பதை. தறப்பாளுக்கு உள்ளே வரும் இடத்தில் பட்டியில் ஒரு சப்பாத்து நூலையோ துணித் துண்டையோ கட்டித் தொங்கவிடுங்கள். தண்ணீர் அதில் இறங்கிக் கீழே சொட்டிவிடும்.

குளிரைப் பற்றி ஒரு வரி. பெரகல, அப்புத்தளைப் பக்கம் இரவு தங்கினால் கீழிருந்து வரும் காற்றில் முதுகு விறைக்கும், போர்வை மேலே போட்டுப் பயனில்லை. காரின் முன் கண்ணாடிக்கு வைக்கும் வெள்ளி நிற வெயில் மறைப்பை வாங்கி முதுகுக்கடியில் போடுங்கள், போதும்.

எங்கே கட்டக் கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரன். பெரகலவுக்கும் வெல்லவாயவுக்கும் நடுவில் கொஸ்லந்தை இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலை அங்கே மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண் மூடியது நமக்கு மறக்காது. கேகாலையில் 2016 மே 17 அரநாயக்கா. மண் வெட்டிய சரிவின் கீழ், மலை இறங்கும் ஓடையின் கரையில், எவ்வளவு அழகான காட்சி இருந்தாலும் இரவு தங்க வேண்டாம். தியலும நீர்வீழ்ச்சிக்கு மேலே முகாம் போடுகிறவர்கள் மேல்மலையில் மழையா என்று கேட்டுவிட்டுப் போங்கள். போகும் வழி மாவட்டங்களுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், கடல் ஓடிவிடாது. மார்ச் ஏப்ரலிலும் ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேரம் இடி மின்னல் வரும் காலம், அப்போது மரத்தடியே வேண்டாம். சியம்பலாண்டுவ தாண்டினால் லாகுகலை, தெற்கே போனால் உடவளவை, இரண்டும் யானை நடமாடும் இடம். நாட்டில் வருடத்துக்கு நூறு பேருக்கு மேல் யானையால் சாகிறார்கள். அங்கே ஹமொக்கும் கூடாது, கூடாரமும் கூடாது, இருட்டிய பிறகு ஓடவும் கூடாது. வனவிலங்குத் திணைக்கள, வனத் திணைக்களக் காணிகளில் அனுமதியில்லாமல் இரவு தங்குவது சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லிவைக்கிறேன். நம் இரத்தினபுரிப் பக்கம் கைவிட்ட மாணிக்கக் குழிகள் புல் மூடிக் கிடக்கும். இருட்டில் மரம் தேடி வயலுக்குள் இறங்காதீர்கள்.

அப்படியென்றால் எங்கே? கேட்டுக் கட்டுங்கள். கடைக்காரரின் பின்முற்றம், பெற்றோல் செட்டுக்குப் பக்கத்து மரம், கோயில் மடம், பள்ளிவாசல் முற்றம். மாலை ஐந்து மணிக்கே நிறுத்தி, ஹெல்மட்டைக் கழற்றி, முகத்தைக் காட்டி, சிங்களத்தில் இரண்டு வார்த்தை பேசி, அடையாள அட்டையை நாமாகவே நீட்டிக் கேட்டால் இல்லையென்று சொல்பவர்கள் குறைவு. கேட்காமல் கட்டினால், இருட்டில் தன் காணி மரத்தில் தொங்கும் அந்நியனை யாரும் சந்தேகிக்கத்தான் செய்வார்கள். எனக்குத் தாடியும் உண்டு, பெயரும் இப்படி. 2019 க்குப் பிறகு நான் பகல் தூக்கத்துக்குக்கூடக் கேட்டுவிட்டுத்தான் கட்டுகிறேன். பல இடத்தில் தேத்தண்ணியும் வந்திருக்கிறது.

பைக்கில் ஏற்றும்போது: ஹமொக்கும் பட்டியும் கைக்கு எட்டும் பையில், தறப்பாள் எல்லாவற்றுக்கும் மேலே, வலை உள்ளே. பட்டியின் நுனி ஒன்றுகூட வெளியே தொங்கக் கூடாது. பின் சில்லிலோ செயினிலோ சுற்றினால் சில்லு அப்படியே பூட்டிக்கொள்ளும். கொக்கி வைத்த இறப்பர் கயிற்றைக் கண் மட்டத்தில் இழுத்து மாட்டாதீர்கள், விடுபட்டால் கண்ணுக்குத்தான் வரும். நனைந்த சாமானை வீட்டுக்கு வந்ததும் விரித்துக் காயப்போடுங்கள். நம் ஈரத்தில் மூன்று நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும்.

காசு குறைவென்றால் எதில் குறைப்பது என்று கேட்பீர்கள். ஹமொக் துணியில் குறையுங்கள். பதினொரு அடி நைலோன் துணி வாங்கி, இரண்டு நுனியிலும் கயிறு போக வழிவிட்டு இரட்டைத் தையல் போடச் சொன்னால், காமன்ட்டில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் யாரும் அரை மணித்தியாலத்தில் தைத்துத் தருவார்கள். வலையையும் அப்படித் தைக்கலாம். பட்டியில் மட்டும் குறைக்காதீர்கள். விமானச் சின்னம் போட்ட கவர்ச்சியான ஹமொக்கோடு சும்மா வரும் மெல்லிய கயிற்றையும், சாவிக்கொத்துக்குப் போடும் கொளுவியையும் அன்றைக்கே எறிந்துவிடுங்கள்.

என்னிடம் பதினொரு அடி ஹமொக் ஒன்றும் இரண்டு அங்குலப் பட்டி ஒரு சோடியும் இருக்கின்றன. வருகிற சனிக்கிழமை பின்னேரம் பாடசாலை மைதானத்துப் பலா மரத்தில் கட்டிவைக்கிறேன். வாங்க யோசிப்பவர்கள் வந்து படுத்துப் பாருங்கள், உயரமானவர்கள் கட்டாயம் வாருங்கள். அம்மாமாரும் வரலாம். மழை பெய்தால் இன்னும் நல்லது, தறப்பாளையும் பார்த்துவிடலாம்.